நாடியா அன்ரியின் மலை ஊர்

சனிக்கிழமைக் காலைகளில் அம்மா மிளகாய் வறுக்கும் நெடி எங்கள் குசினி யன்னலால் வெளியே போக, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நாடியா அன்ரி ரொட்டி சுடும் வாசம் எதிரே வரும். ரொட்டியின்மேல் ஒலிவ் எண்ணெயில் குழைத்து அவர் பூசும் இலைத்தூள், எள்ளையும் ஓமத்தையும் சேர்த்து நசுக்கியதுபோல் மணக்கும். அதை அவர் "ஸாத்தர்" என்பார். தமிழ் வகுப்புக்குப் போகப் புத்தகப்பையோடு பின்வளவில் நின்றபடி, இரண்டு வாசனைக்கும் நடுவில் தும்மியும் எச்சில் விழுங்கியும் நான் கழித்த காலைகள் எத்தனையோ.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீடும் அவருடைய வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்ட இரட்டை வீடுகள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அவர் லெபனானில் ஒரு மலை ஊரிலிருந்து, அங்கே சண்டை நடந்த காலத்தில், கணவரோடும் கைக்குழந்தையோடும் வந்தவர். கணவர் இறந்த பிறகும் அதே வீட்டில்தான் இருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வேலிக் கதைக்குப் போதுமான அளவு இருந்தது. கறிவேப்பிலை, காய்ச்சல், மழை, பிள்ளைகள், ரீவியில் காட்டிய செய்தி என்று அந்த அளவுக்குள்ளேயே இருவரும் ஆண்டுக்கணக்கில் பேசித் தீர்த்தார்கள்.

தன் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாடியா அன்ரி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். ஊருக்கு மேலே ரோமர் காலத்துக் கோயில் ஒன்று இருந்தது. ஊரார் அதைக் "கோட்டை" என்றுதான் சொல்வார்களாம். தூண்களுக்கிடையே அத்திமரம் முளைத்திருக்கும்; ஆடுகள் கருவறைக்குள் படுத்திருக்கும்; குண்டு விழுந்த நாட்களில் ஊரே அந்தச் சுவர்களுக்குள் போய் ஒளித்திருக்கும். பள்ளிக்கூடத்தில் ரோமரைப் பற்றிப் படித்து, அட்டையில் கேடயம் செய்து, டவர் ஹில்லில் ரோமர் விட்டுப்போன ஒரு துண்டுச் சுவரைப் போய்ப் பார்த்துவந்த எனக்கு, ரோமர் கட்டிய கோயிலுக்குள் ஆடு படுத்திருக்கும் என்பது பெரிய அதிசயமாக இருந்தது.

எனக்குப் பதினொரு வயதான கோடையில் அன்ரியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அங்கே சண்டை ஓய்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அன்ரி எங்களையும் வரச் சொன்னார். அப்பா தயங்கினார். பெற்றோல் நிலையத்தில் லீவு கேட்கவேண்டும் என்றார், தெரியாத நாடு என்றார். அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"எங்கடை ஊருக்குத்தான் போக ஏலாது. மற்ற ஆக்களின்ரை ஊரையாவது போய்ப் பாத்திட்டு வருவம்."

பெய்ரூட்டிலிருந்து கார் வளைந்து வளைந்து மலையேறியது. வழியில் தண்ணீர் வாங்க இறங்கிய கடையில் ஒரு சின்னப் பையன் அம்மாவைக் காட்டி ஏதோ கேட்டான். அதில் "சிறிலங்கியே" என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. எங்கள் நாட்டைத் தெரிந்துவைத்திருக்கிறானே என்று சிரித்தேன். அன்ரியின் முகம் சிவந்தது. என்ன கேட்டான் என்று அம்மா விசாரித்தபோது, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு வீட்டு வேலைக்காரி என்று பொருள் ஆகிவிட்டிருந்ததும், 'இவள் யார் வீட்டு வேலைக்காரி' என்றுதான் அவன் கேட்டிருக்கிறான் என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரியவந்தன.

அண்ணன் வீடு ஆப்பிள் தோட்டத்துக்கு நடுவில் கல்லால் கட்டிய பெரிய வீடு. அண்ணன் மனைவி எங்களைக் கட்டியணைத்து, மூன்று முறை கன்னத்தில் முத்தமிட்டு, மேசை கொள்ளாத அளவுக்குச் சாப்பாடு வைத்தார். நான் எட்டி எதையோ எடுக்கப்போக, "உதிலை கை வையாதை, கேட்டு எடு" என்று அம்மா அதட்டினார். குசினி வாசலில் தட்டோடு நின்ற ஒரு பெண் அப்படியே நின்றுவிட்டார். மெலிந்தவர், அம்மாவைவிட இளையவர். வீட்டில் எல்லோரும் அவரை "மேரி" என்று கூப்பிட்டார்கள்.

சாப்பாடு முடிந்து அம்மா கைகழுவப் போனபோது, நானும் பின்னால் போனேன். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அக்கா, நீங்க தமிழா?"

"ஓமம்மா. நாங்கள் யாழ்ப்பாணம். நீங்கள் எவடம் பிள்ளை?"

"ஹட்டன் பக்கங்க. தேயிலத் தோட்டம். எம் பேரு சரோஜா. இங்க வாயில நுழையலன்னு மேரின்னு வச்சிட்டாங்க."

அதற்குமேல் பேச முடியவில்லை. உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று பின்னேரம் சரோஜா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த மொட்டைமாடிக்கு அம்மா தானாகவே ஏறிப்போனார், நானும் பின்னால் போனேன். அங்கிருந்து மேட்டில் தூண்களின் தலைகள் தெரிந்தன. கோயிலைப் போய்ப் பார்த்திருக்கிறாயா என்று அம்மா கேட்டார்.

"இங்கருந்து தான்கா பாப்பேன். கிட்டப் போனதில்ல. வெளிய விடமாட்டாங்க."

நடந்துபோகிற தூரம்தான், சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய்த் திரும்புகிற தூரம்.

மறுநாள் காலை எல்லோரும் கோயிலுக்குப் போவதாக இருந்தது. அன்ரி எங்களுக்கு அதைக் காட்டுவதற்காகவே இத்தனை வருடமும் காத்திருந்தவர். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. வேலிக் கதைக்குப் போதுமான ஆங்கிலம் இதற்குப் போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், என்னைப் பக்கத்தில் இழுத்தார்.

"சரோஜா வராட்டி நானும் வரமாட்டன் எண்டு அன்ரியிட்டைச் சொல்லு."

"அம்மா, ப்ளீஸ்..."

"சொல்லு."

சொன்னேன். அன்ரி என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். இது என் அண்ணன் வீடு, அவர்களுடைய வீட்டு விஷயத்தில் நான் எப்படித் தலையிடுவது என்றார். அதையும் நான்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. அம்மா எழும்பவில்லை. அப்பா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. கடைசியில் அன்ரி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அரபியில் குரல்கள் உயர்ந்தன, பிறகு அடங்கின. சிறிது நேரத்தில் சரோஜா கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அம்மா தான் கல்யாணத்துக்கென்று கொண்டுவந்திருந்த சேலைகளில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

அந்தக் கோயிலை நான் நினைத்ததைவிடப் பெரிதாகக் கட்டியிருந்தார்கள். ஆறு தூண்கள் நின்றன. மற்றவை பெரிய உரல்களைப்போல் உருண்டு கிடந்தன. கருவறைக்கு மூன்று பக்கச் சுவர் இருந்தது, கூரை இல்லை. வாசற்படியில் சரோஜா செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்து அம்மாவும் கழற்றினார்.

"இது எந்தச் சாமி கோயிலுங்க?"

அப்பா தொண்டையைச் செருமினார். "ரோம ஆக்கள் கட்டினது பிள்ளை. இப்ப உள்ளுக்குச் சாமி ஒண்டும் இல்லை."

"இல்லாட்டி பரவாயில்லைங்க. எடம் நல்லா இருக்கு."

அதன் பிறகு அவர் விழுந்துகிடந்த ஒரு தூணில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். மூச்சு வாங்கவும் நேரமில்லாதவர்போல் பேசினார். லயத்து வீட்டைப் பற்றி, மழையில் கொழுந்து பறிப்பதைப் பற்றி, குடிக்கிற புருஷனைப் பற்றி, என் வயதில் ஒரு மகள் ஊரில் தன் அக்காவிடம் வளர்வதைப் பற்றி. இரண்டு வருடம் என்று சொல்லித்தான் அழைத்துவந்தார்களாம், அது எப்போதோ முடிந்துவிட்டது. "ஆப்பிள் பறிச்சு முடியட்டும்னாங்க. அப்புறம் கல்யாணம் முடியட்டும்னாங்க. பாஸ்போட்டு அந்தம்மா அலமாரியில இருக்குங்க."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா பேசவே மாட்டேங்குது. ஏதாச்சும் சொல்லு கண்ணு, தமிழ்ல சொல்லு. கேட்டே ரொம்ப நாளாச்சு."

வீட்டில் அம்மா தமிழில் கேட்க ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை நான். வகுப்பில் பாடமாக்கிய கிழமைகளின் பெயர்களைச் சொன்னேன். நிறங்களைச் சொன்னேன். பழங்களைச் சொல்லும்போது "விளாம்பழம்" என்றதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். சனிக்கிழமைகளை எங்களிடமிருந்து பறிப்பதற்காகப் பெரியவர்கள் கண்டுபிடித்த ஒன்றுதான் தமிழ் என்று அதுவரை எண்ணியிருந்தேன். ஒருவர் அதற்காக ஏங்கியிருக்கக்கூடும், என்னிடம் இருந்த அந்தக் கொஞ்சம்கூட அவருக்கு வேண்டியதாக இருக்கும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

நாடியா அன்ரி தள்ளி, அத்திமர நிழலில் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்குக் காட்டவேண்டும் என்று நினைத்திருந்த எதையும் அவர் காட்டவில்லை. கிட்ட வந்து, சரோஜா என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். இரண்டு வருடம், ஆப்பிள், கல்யாணம், அலமாரி, மகள் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்டுவிட்டு, தூணின் மேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆடினார்கள், பாடினார்கள், எனக்கும் ஆடப் பழக்கினார்கள். சரோஜா குசினியில் இருந்தார். நாங்கள் புறப்பட்ட காலையில் அன்ரியின் பெட்டி மட்டும் காரில் ஏறவில்லை. நீங்கள் போங்கள், நான் பிறகு வருகிறேன் என்றார்.

ஒரு கிழமைக்குப் பிறகு லண்டன் வந்து சேர்ந்தவர், தன் வீட்டுக் கதவைத் திறக்குமுன் எங்கள் மணியைத்தான் அடித்தார். குசினி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பாஸ்போட்டைத் தானே அலமாரியிலிருந்து எடுத்ததாகவும், சரோஜாவைப் பெய்ரூட்டுக்குக் கூட்டிப்போய் விமானம் ஏற்றியதாகவும் சொன்னார். அந்நியரைக் கூட்டிவந்து ஊர் நடுவே என் வீட்டை அவமானப்படுத்திவிட்டாய், இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது அன்ரியின் குரல் உடையவில்லை. அம்மாவுக்குத்தான் உடைந்தது.

"என்னாலைதானே..." என்று அம்மா தொடங்கியதை நான் மொழிபெயர்க்கவில்லை. அன்ரிக்கு அது விளங்கியிருந்தது. தலையை ஆட்டி மறுத்தார்.

சில நாட்கள் கழித்து, ஏதோ கடையிலிருந்து சரோஜா தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, வந்து சேந்துட்டேன். மக பக்கத்துல தான் நிக்கிறா" என்று சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அதன்பின் அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

நாடியா அன்ரி மறுபடி அந்த ஊருக்குப் போகவில்லை. சண்டை முடியும்வரை காத்திருந்து, ஒரே ஒரு கோடை பார்த்த ஊர். ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அண்ணனின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அம்மாவும் அன்ரியும் வேலியில் நின்று பேசுவதும் நிற்கவில்லை, பேச்சில் மலையும் கோட்டையும் மட்டும் குறைந்துபோயின. பல வருடங்களுக்குப் பிறகு, அங்கும் சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்தபோது, அம்மா தன்னோடு கூட்டிப்போனது அன்ரியைத்தான். எங்கள் காணி இராணுவத்தின் முட்கம்பிக்குள் இருந்தது. வெயிலில் இருவரும் கம்பிக்கு வெளியே நின்றார்கள். எந்தப் பக்கம் என்று அன்ரி கேட்க, அம்மா கையை நீட்டிக் காட்டினாராம். அம்மா போவம் என்று சொல்லும்வரை அவர் அசையவில்லையாம்.

இப்போது அந்தக் கோயிலைச் சுற்றி வேலி போட்டு, விளக்குப் பூட்டி, நுழைவுச்சீட்டு விற்கும் கூண்டும் வைத்திருப்பதைப் படங்களில் பார்க்கிறேன். ஆடுகள் இல்லை, அத்திமரமும் இல்லை. ரெய்னர்ஸ் லேனில் எங்கள் பின்வளவு வேலிக்கு அப்பால் வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். பின்வளவைச் சீமெந்து பூசி மூடிவிட்டார்கள். நாடியா அன்ரி இறந்து இரண்டு குளிர்காலம் போன பிறகு, இராணுவம் எங்கள் காணியை விட்டுவிட்டது என்று ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மா அழவில்லை. றிசீவரை வைத்துவிட்டு, குளிர்கோட்டு மாட்டி, தலைமயிரைச் சரிசெய்து, படி இறங்கிப் பக்கத்து வீட்டு வாசல்வரை போய், மணியை அடிக்கக் கையைத் தூக்கியபோதுதான் நினைவு வந்து திரும்பி வந்தார்.