காப்புக்காட்டில் என் கைவேலை

இன்று லீவு. ஆம்பூர் பக்கத்துக் காப்புக்காட்டில் இருக்கும் ஆதிகாலக் கல்திட்டையைப் பார்க்கப் போயிருந்தேன்.

வனக்காவலர் என் அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிளாஸ்டிக் கூடாது என்று தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, கூடவே வந்தார்.

மூன்று பக்கமும் பலகைக் கல், முன்பக்கம் திறப்பு, மேலே ஒரு மூடுகல். செத்தவர்களுக்காகக் கட்டிய வீடு. குனிந்து பார்த்தேன்.

உள்ளே ஒரு கோணி மூட்டை, நிறைய தோல் கழிவு.

ஒரு துண்டை இழுத்தேன். நடுவில், ஷூவில் லேஸுக்கு அடியில் வரும் நாக்கின் வடிவத்தில் ஓட்டை, ஓரத்தில் சின்னப் பள்ளம். நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் போன மாதம் முழுக்க நான் வெட்டித் தள்ளிய நாக்கு. மீதித் தோல் எங்கே போகிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

"யாருண்ணா கொட்னது?"

"தெரிலப்பா. ராத்திரில வண்டி வந்துட்டு போய்டுது."

"சரி, நானே கீழ எடுத்துனு போய்டறேன்" என்று மூட்டையைத் தூக்கினேன்.

அவர் பதறிவிட்டார். "வை, வை! போர்டு பாக்கல? உள்ள இருக்கிற எதையும் வெளிய எடுத்துனு போகக் கூடாது. கேஸ் ஆய்டும்."

கையில் இருந்த துண்டையும் வாங்கி, கல்திட்டைக்குள்ளேயே பத்திரமாக வைத்தார்.

ஆக, என் கைவேலையும் இப்போது பாதுகாக்கப்பட்ட சின்னம். பார்க்க வருகிறவர்கள் அனுமதிக் கடிதத்தோடு வாருங்கள்.

கொட்ட வருகிறவர்களுக்கு அது தேவையில்லை.