பஸ் கிளம்பும் நேரத்துக் கேள்வி

கங்கம்மாவுக்கு வேலையில் ஒரே ஒரு குறைதான். மூன்று வருஷமாக அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், தண்ணீர்க் குழாய்களை இணைக்கும் ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி அது. அச்சிலிருந்து வருகிற வளையங்களைக் கையால் தடவிப் பார்த்து, நல்லது கெட்டது பிரிப்பது அவள் வேலை. பத்தொன்பது வருஷ அனுபவம். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள், இது தேறும், இது தேறாது என்று. அவளோடு அந்தப் பிரிவில் இன்னும் பத்துப் பெண்கள்.

முன்பு துளசிராமன் என்று ஒரு மேனேஜர் இருந்தார். கோபம் வந்தால் கூரை பறக்கக் கத்துவார். ஆனால் நாள் தவறாமல் காலையில் டீ கிளாஸோடு அவள் மேஜைக்கு வருவார். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இன்னாம்மா, இன்னிக்கு எது சரியில்ல?"

எல்லாம் ஓகேவா என்று கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் ஓகே சார் என்றுதான் பதில் வரும் என்று அந்த மனுஷனுக்குத் தெரியும். எது சரியில்லை என்று கேட்டால் எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வார். அவர் ரிட்டையராகித் திருத்தணிக்குப் போன பிறகுதான் கங்கம்மாவுக்குப் புரிந்தது, தான் வெறும் சம்பளத்துக்காக மட்டும் இங்கே வந்துகொண்டிருக்கவில்லை என்று. இன்றைக்கும் காலை டீ வரும்போது அவள் கண் தானாகக் கதவுப் பக்கம் போகும். போய்த் திரும்பிவிடும்.

புது மேனேஜர் தணிகைவேலைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கேன்டீனில் வாயில் வைக்கிற மாதிரி நாஷ்டா கிடைப்பதே அவரால்தான். மாதம் ஒருநாள் எல்லோரையும் கூட்டி, மைக் பிடித்து, திரையில் படம் போட்டுப் பேசுவார். கடைசியில், யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா, தயங்காமல் சொல்லுங்கள் என்பார். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்படியானால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று சந்தோஷமாக மைக்கை வைத்துவிடுவார்.

எங்கே திறப்பது? மீட்டிங் வைப்பது ஷிப்ட் முடிகிற இரண்டு மணிக்கு. இரண்டரைக்குக் கம்பெனி பஸ். டிரைவர் சின்னதுரை வாசலில் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு நிற்பான். அதை விட்டால் கவரைப்பேட்டையில் லோக்கல் ரயிலும் போய்விடும். பிள்ளைகள் பூட்டிய வீட்டு வாசலில் காத்துக் கிடக்கும். போன வருஷம் அச்சு ஓட்டுகிற யேசுதாஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பஸ்ஸில் புதுவாயல் வரைக்கும் நாற்பது பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்றோடு சரி. நாற்பது பேரின் அவசரத்தை அந்த நல்ல மனுஷன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார், என்ன சொல்வது!

ஆறு மாதத்துக்கு முன், இனிமேல் காத்திருக்கும் நேரம் கூடாது என்று திரையில் ஒரு வரி வந்தது. அதுவரை வளையங்களைத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான் பையில் போடுவார்கள். அன்றிலிருந்து பார்த்துப் பிரித்ததுமே சூட்டோடு பையில் போட்டு மூட்டையாக அடுக்கினார்கள். அமுங்கிய வளையம் அமுங்கியபடியே நின்றுவிட்டது. வாங்கியவர்கள் லாரி லாரியாகத் திருப்பி அனுப்பினார்கள். போன மாத மீட்டிங்கில் தணிகைவேல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: ஆட்கள் பார்க்கிற பரிசோதனை போதவில்லை, இரண்டு மாதத்தில் மிஷின் வரும், அந்தப் பிரிவை மூட வேண்டியிருக்கும்.

பழி பதினொரு பெண்கள் தலையில் விழுந்தது. கங்கம்மாவின் மகள் ஸ்நேகா பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். வேலை போனால் அவள் படிப்பும் போச்சு. சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்த்தாள். சார் போட்டதை நான் எப்படி மாற்றுவது என்று அவர் நழுவிவிட்டார். மேனேஜரின் கண்ணாடி அறைக்கு இவர்கள் போவது மெமோ வாங்க மட்டும்தான்.

அடுத்த மீட்டிங் அன்று, தனக்காக நிற்க வேண்டாம் என்று சின்னதுரையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். கேள்வி வந்தது, வழக்கம்போல யாரும் பேசவில்லை, கூட்டம் பஸ்ஸுக்கு ஓடியது. கங்கம்மா மட்டும் நின்றாள். இன்ஜின் சத்தம் ரோட்டில் தேய்ந்து மறைந்தது. மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த தணிகைவேல் நிமிர்ந்து பார்த்தார்.

"பஸ் போயிடுச்சேம்மா?"

"போவட்டும் சார். சூட்டோட பையில போடறதாலதான் வளையம் கோணிக்கினு போவுது. தட்டுல ஒரு மணி நேரம் ஆறினா ஒண்ணும் ஆவாது."

அவர் கை அப்படியே நின்றது. "இது எப்பலேர்ந்து தெரியும்? ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

"மாசா மாசம் கேக்கறேனேம்மா!"

"பஸ்ஸு கெளம்பிக்கினு கீற நேரத்துல கேட்டா, அது கேக்கறதா சார்?"

சொன்ன பிறகுதான், போச்சு, வேலையும் போச்சு என்று நினைத்தாள். அவர் வயரைக் கீழே வைத்தார். பிறகு, இருங்கம்மா, நோட்டு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போனார். அன்று அவள் பேசப் பேச அவர் எழுதினார். வீட்டுக்குத் தன் காரிலேயே அனுப்பிவைத்தார்.

மறுநாளே தட்டுகள் திரும்பி வந்தன. அந்த மாதம் ஒரு லாரியும் திரும்பவில்லை. மிஷின் பேச்சு அடங்கியது. மீட்டிங் காலை டீ முடிந்த பத்து மணிக்கு மாறியது. முதல் மீட்டிங்கிலேயே ஏழெட்டுக் கைகள் மேலே எழுந்தன. தணிகைவேல் கங்கம்மா பெயரை மைக்கில் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் மறுநாள் டீ வந்ததும் பாழாய்ப்போன கண் கதவுப் பக்கமே போனது.

சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்து, மூன்று வருஷமாகப் போனில் வைத்திருந்தும் ஒருதரம்கூட அழைக்காத அந்தத் திருத்தணி நம்பரைத் தட்டினாள். நடந்ததை முதலிலிருந்து கோர்வையாகச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். நான்காவது மணியில் எடுத்தார். குரல் மெலிந்திருந்தது.

"கங்கம்மாவா? இன்னாம்மா, எது சரியில்ல?"

அடுக்கி வைத்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்தி, மூச்சு வந்த பிறகுதான் அவளால் பேச முடிந்தது.

"எல்லாம் சரியாதான் கீது சார். நீங்க ஒரு வாட்டி கேக்கணும்னுதான் போன் போட்டேன்."