நேர்காணல் பெஞ்சு

அப்பாவுக்கு உயிர்வாழ் சான்று வாங்க இன்று அவரைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனபோது, மேசையிலிருந்த ஸ்டாம்பு மையின் வாசம், ஊர் மதுரையோடு சேர்ந்த பிறகு இடித்துவிட்ட எங்கள் பழைய நகராட்சி ஆபீசுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது.

பள்ளி விட்டதும் அங்கே பென்சன் பிரிவில் வேலை பார்த்த அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். மின்விசிறி கடகடக்கும். வருடம் ஒருமுறை, பென்சன்காரர்கள் நேரில் வந்து காட்டிக்கொள்ளும் நேர்காணல் மாதத்தில், அப்பா ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்து, "இருக்கீகளா?" என்பார். "இருக்கேன்யா" என்று வாயால் சொன்ன பிறகுதான் பெருவிரலை மையில் வைக்க விடுவார்.

ஒரு வருடம் ராக்காயி என்று இரண்டு பேர். செத்தது ஒருவர், அப்பா சிவப்பு மையால் அடித்தது மற்றவர் பெயரை. உயிரோடிருந்தவரின் பென்சன் நின்றுபோனது. தவறு வெளியே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று பயந்து, "மேல எழுதியிருக்கேன், பொறுங்க" என்றே நாளைக் கடத்தினார். அந்த அம்மா தினமும் வந்து சன்னலோர பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பா யாரைக் கேட்டாலும் அங்கிருந்தும் "இருக்கேன்யா" என்று குரல் வரும். போகப் போக யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்த வருடம் பெஞ்சு காலி. ஆனாலும் அப்பா ஒவ்வொரு முறை கேட்டபிறகும் அந்தப் பக்கம் காது கொடுத்துக் காத்திருப்பார்.

ஓய்வுபெற்ற அன்று, நல்ல மனுசன் என்று ஊரே மாலை போட்டது.

இன்று வங்கிக் கருவி அப்பாவின் ரேகையை மூன்று முறையும் ஏற்கவில்லை.

"இன்னொருக்கா வைங்கய்யா" என்றாள் அங்கிருந்த பெண்.

அப்பா விரலை எடுத்துக்கொண்டு, வங்கிச் சன்னலோரம் ஆளில்லாத பெஞ்சைக் காட்டினார்.

"அவுக எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்காகம்மா. முதல்ல அவுகளக் கேளுங்க."