பசிக்கு அழாத மகள்

மகள் பிறந்த புதிதில் பாலுக்கு அழவே இல்லை. இத்தாலியில், துறைமுகத்தை ஒட்டிய போர்கோ வெக்கியோவில் எங்கள் அறை யன்னல், துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் அதிரும். அதற்கும் அவள் கண் திறக்கவில்லை. சோலி தராத பிள்ளை என்று பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள். நானும் பெருமைப்பட்டேன். ஒருநாள் காலை வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் சோதித்தபோது இரத்தத்தில் சீனி அடிமட்டத்தில் இருந்தது. சீனி குறைந்தால் கணையத்தின் பீட்டா கலங்கள் (சீனியைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்கள்) ஓய வேண்டும். அவளுக்கு ஓயவில்லை. இப்படியே போனால் மூளை பழுதாகும் என்றார் டாக்டர் அம்மா.

"நீங்கள் இருவரும் இரத்த உறவா?"

"இல்லை," என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன். பொய்யில்லை. ஒரே இரத்தம் என்றால் எங்களுக்குச் சகோதரம். நாங்கள் மச்சானும் மச்சாளும்.

சுரப்பை அடக்கும் மருந்து கொடுத்தார்கள். நாளத்தில் ஏற்றிய குளுக்கோஸைக் குறைத்தவுடன் சீனி மறுபடி விழுந்தது. மருந்தைக் கூட்டினார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

உதவிக்கு யாரும் இல்லையா என்று டாக்டர் கேட்டார். "இவருடைய அம்மா ஊரில் இருக்கிறா. என் அப்பாவின் தங்கை," என்றேன், தெரிந்த இத்தாலியனில்.

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். சுரப்பை நிறுத்தும் மரபணுவில் (பெற்றோர் வழி வரும் கட்டளை) ஒரே பாட்டன் பாட்டி வழியாக எங்கள் இருவருக்கும் ஒரே பிழை இருக்கலாம், மகளுக்கு இரண்டு பக்கத்தாலும் வந்திருக்கலாம் என்றார். அப்படியென்றால் இந்த மருந்து கேட்காது. சோதனை முடிவு வரும்வரை மூளை பொறுக்காது. கணையத்தின் பெரும்பகுதியை வெட்டியெடுக்க வேண்டும்.

அறைக்கு வெளியே நடையில் கணவர் சுவரோடு சாய்ந்தார். "அப்ப எங்கடை கலியாணம்தான் பிழையோ?"

"விசர்க் கதை கதையாதேங்கோ. போய்க் கையெழுத்தைப் போடுங்கோ."

சொல்லிவிட்டு நான்தான் அழுதேன்.

இரத்த உறவா என்ற அந்தக் கேள்வி உங்களிடமும் கேட்கப்படலாம். முறைப் பெண், முறை மாப்பிள்ளை என்றாலும் ஓம் என்று சொல்லுங்கள்.

ஒப்பரேஷன் முடிந்து சில நாட்களில், நடையில் நின்ற எனக்கு ஒரு குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது. யாருடையதோ என்று நினைத்தேன். தாதி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுடையவள்தான்."

இப்போது அவள் ஓடித் திரிகிறாள். அவளுக்குச் சாப்பாடு கொடுக்கும் வேளைகள்தான் என் நாள். எனக்குப் பசித்தால்கூட முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன். "அம்மா, பசிக்குது!" என்று கத்துவாள். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் எடுத்தபடி, அவள் இன்னொருமுறை கத்துவதைக் கேட்டுக்கொண்டே போவேன்.