இலையை மூடினால் நிறுத்து

நான் கட்டியதை எல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். அரியலூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்து சைக்கிள் கேரியரில் இரண்டு அண்டாக்களைக் கட்டிக்கொண்டு பெரம்பலூருக்கு வந்து வாடகைப் பாத்திரக் கடை வைத்தேன். பாத்திரத்துக்குப் பிறகு பந்தல் சாமான், பந்தலுக்குப் பிறகு சமையல் ஆட்கள் என்று வளர்ந்தது. வெறும் பாறை என்று எல்லோரும் கைவிட்ட மனையை வாங்கி, போர் போட்டுத் தண்ணீரை வரவைத்து, அதன் மேலேயே கல்யாண மண்டபம் எழுப்பினேன். நான் என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டுச் சிரித்த பேங்க் மேனேஜரின் மகள் கல்யாணம் பிறகு அந்த மண்டபத்தில்தான் நடந்தது. கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்கவே திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டியிருந்த காலத்தில், மண்டபத்து மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தேன். இத்தனையும் செய்தவன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்.

இந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் புரோகிராம் எழுதப் பழகும் ஒரு தமிழ்ப் புத்தகத்தில் ‘பந்தி’ என்றொரு அத்தியாயம் இருக்கிறது. அதில் எனக்குப் பங்கு உண்டு. புத்தகத்தில் எங்கேயும் அது சொல்லப்படவில்லை. நான் பேனாவைப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

புத்தகத்தை எழுதியவர் என் சென்டரில் வாத்தியாராக இருந்தவர். ஜெயங்கொண்டத்துக்காரர், எம்.சி.ஏ. முடித்த கையோடு என்னிடம் வேலைக்கு வந்தார். வயதில் என் மகன் மாதிரி, ஆனாலும் நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அய்யா என்பார். கம்ப்யூட்டர் சூடாகக் கூடாது என்று அவர் சொன்னதால் மாடிக்கு ஏ.சி. போட்டுக் கொடுத்தேன். “மேல மிஷினுக்குக் குளிரு, கீழ அடுப்புல நாங்க வேகுறோம்” என்று என் மனைவி போகிற வருகிற எல்லோரிடமும் சொன்னாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை.

வகுப்பு நடக்கும்போது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என் கட்டடம், என் நாற்காலி, யார் கேட்பது? ஆங்கிலம் புரியாது. ஆனால் கட்டம், சாய்சதுரம், அம்புக்குறி என்று சார் போர்டில் வரைவது எனக்குப் பிடித்திருந்தது. சாய்சதுரம் என்றால் கேள்வி. ஆமாம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம். நான் ஆட்களை வேலை வாங்குவதும் அப்படித்தான்.

பிள்ளைகள்தான் திணறினார்கள். எழுதிப் போட்டதை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள். சார் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் கை நின்றுவிடும். லூப் வந்ததும் இன்னும் மோசமானது. லூப் என்பது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது. எப்போது நிறுத்துவது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். பிள்ளைகள் அதை எழுத மறப்பார்கள், இல்லாவிட்டால் எந்தக் காலத்திலும் நடக்காத ஒன்றை எழுதிவைப்பார்கள். திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் யாராவது எழுந்து போய் சுவிட்சை அணைப்பார்கள்.

ஒரு முகூர்த்த நாள் காலையில் சார் கீழே இறங்கி வந்தார். மாசக் கடைசியோடு வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார். “பிள்ளைங்க மேல குத்தம் இல்லீங்கய்யா. எனக்குத்தான் புரிய வைக்கத் தெரியல” என்றார். அவர் போனால் சென்டரைப் பூட்ட வேண்டியதுதான். முதலில் சாப்பிடுங்கள், பிறகு பேசலாம் என்று பந்தியில் உட்கார வைத்தேன்.

சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் பாயசம் வந்தது. சார் போதும் என்றார். என் ஆள் ஒரு கரண்டி ஊற்றினான். கையைக் குறுக்கே நீட்டி மறுபடியும் போதும் என்றார். கைக்கு அந்தப் பக்கமாக இன்னொரு கரண்டி விழுந்தது.

“நிறுத்தவே மாட்டீங்களாப்பா?” என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். “வாயால சொன்னா நிறுத்த மாட்டான் சார். போதும்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க. இலைய மூடுங்க, நிறுத்திடுவான்” என்றேன்.

சார் குறுக்கே நீட்டிய கையை எடுக்கவில்லை. என்னையே பார்த்தார். “இன்னொரு வாட்டி சொல்லுங்கய்யா” என்றார். சொன்னேன். அந்த இலையை அவர் மூடாமலே எழுந்து போனார். மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் மண்டபத்தில் விசேஷம் இல்லை. சார் பிள்ளைகளை எல்லாம் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறக்கினார். பாதிப் பேரை இலை போட்டு உட்கார வைத்தார். மீதிப் பேர் பரிமாறுகிறவர்கள், வாளியில் வெறும் தண்ணீர், கையில் பிள்ளைகளே எழுதிய ஒரு தாள். தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் செய்ய வேண்டும், சொந்த மூளையை உபயோகிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கம்ப்யூட்டருக்குச் சொந்த மூளை கிடையாதாம்.

முதல் தாளில் ‘போதும் என்று சொல்லும் வரை ஊற்று’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் கூச்சத்தில் வாளியைப் பார்த்ததுமே போதும் என்றுவிட்டான், அவன் இலையில் ஒரு சொட்டு விழவில்லை. இன்னொருவன் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான், இலை வழிந்து தரையெல்லாம் தண்ணீர். நான் சொன்னதை வைத்துச் சார் தாளைத் திருத்தினார். ‘இலை மூடும் வரை ஊற்று.’ அது ஓடியது. அப்புறம் ஆண்டிமடத்துப் பையன் ஒருவன் இலையை மூடாமலே எழுந்து போய்விட்டான். பரிமாறிய பெண் காலி இலையில் ஊற்றிக்கொண்டே நின்றாள், தாளில் அப்படித்தானே இருந்தது.

“எந்திரிச்சுப் போனவனுக்கு யாரும்மா ஊத்துவா? இலைய மூடினாலும் நிறுத்து, ஆளு எந்திரிச்சாலும் நிறுத்துன்னு எழுது” என்றேன். சார் அதையும் எழுதிக்கொண்டார். இரண்டில் ஒன்று நடந்தாலே போதும் என்கிற ‘அல்லது’ பாடம் அங்கே முடிந்தது.

‘மற்றும்’ என்ற பாடம் என்னுடையது அல்ல, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். காலி இலையில் ஊற்றிய அந்தப் பெண் லப்பைக்குடிக்காட்டில் இருந்து வருகிறவள், அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா சவூதியில் இருந்தார். “எங்க கல்யாணத்துல இலையே கிடையாதே சார். சஹன் தட்டுதான். நாலஞ்சு பேரு சுத்தி உக்காந்து ஒரே தட்டுல சாப்பிடுவாங்க. யாரு மூடுறது?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. அப்படியானால் எப்போது வைப்பதை நிறுத்துவீர்கள் என்று கேட்டார்.

“எல்லாருமே கைய எடுத்திருக்கணும் சார். ஒருத்தரு சாப்ட்டுக்கிட்டிருந்தாலும் வச்சுத்தான் ஆவணும்.”

ஒருத்தர் கையை எடுத்தால் போதாது, அத்தனை பேரும் எடுத்திருக்க வேண்டும். சார் அதைச் சுவரிலேயே சாக்பீஸால் எழுதினார். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர், இருந்தாலும் எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் இருந்து கிளம்பும்போது நான் இன்னொன்றையும் கொடுத்தேன். சோறும் சாம்பாரும் முதல் தடவை வரும்போது யாரையும் கேட்பதில்லை, உட்கார்ந்தவனுக்கெல்லாம் போட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. இரண்டாம் தடவைதான் இலையைப் பார்த்துவிட்டுப் போடுவோம். “போட்டுட்டுப் பார்க்கறது ஒண்ணு, பார்த்துட்டுப் போடறது ஒண்ணு” என்றேன். இரண்டும் வெவ்வேறு லூப், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது என்று சார் சொன்னார். பெயர் அவருக்குத் தெரியும். வேலை எனக்குத் தெரிந்திருந்தது.

சார் போகவில்லை. அந்த வருடப் பிள்ளைகள் கணக்கை மாற்றிக் கொடுத்தாலும் எழுதினார்கள். திரையில் எண் ஓடினால் சுவிட்சைத் தேடாமல், எந்த இலை மூடவில்லை என்று தாளைத் தேடினார்கள். சென்டர் நிலைத்தது. சில வருடம் கழித்து சாருக்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு கல்லூரியில் லெக்சரர் வேலை கிடைத்தது. நானே மாலை போட்டு அனுப்பி வைத்தேன்.

புத்தகத்தை எனக்குக் கொண்டுவந்து காட்டியது லப்பைக்குடிக்காட்டுப் பெண்தான். இப்போது என் சென்டரில் அவள்தான் டீச்சர். அத்தியாயத்தை அவளே வாசித்தாள். போதும் என்பவன், இலையை மூடாமல் எழுந்தவன், சஹன் தட்டு, போட்டுவிட்டுப் பார்ப்பது, எல்லாம் இருந்தது. பிறகு முன்னுரையில் நன்றி சொல்லியிருந்த பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். கல்லூரி முதல்வர், கூட வேலை பார்ப்பவர்கள், வீட்டம்மா, டைப் அடித்தவர், அட்டைப்படம் போட்டவர் எல்லாம் இருந்தார்கள். நான் இல்லை. அவளும் இல்லை. அவள் புத்தகத்தை மூடினாள்.

நான் சார் வீட்டுக்கே போனேன். நல்ல மரியாதை, காபி எல்லாம் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் நெளிந்தார். “பந்தி எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேங்கய்யா. அதுக்கு எப்படி ஒருத்தர் பேரப் போடறது?” என்றார்.

“தெரிஞ்சதுதான் சார். எங்க மண்டபத்துக்கு வர்றதுக்கு முன்னாடியும் நீங்க பந்தியில சாப்ட்டிருப்பீங்க. அப்ப அதுல லூப்பு தெரிஞ்சுதா?”

சார் காபி டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். அடுத்த பதிப்பு வந்தால் பார்க்கலாம் என்றார்.

எழுதியது அவர்தான், அதை நான் மறுக்கவில்லை. நான் சொன்னதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்க என்னால் முடிந்திருக்காது. ஆனால் நான் சொல்லாமல் அந்தப் பாடம் இல்லை. ‘பார்க்கலாம்’ என்பது வாயால் சொல்வது, பந்தியில் சொல்லும் ‘போதும்’ மாதிரி. அதை நம்பி நான் வாளியைக் கீழே வைக்கிற ஆள் இல்லை. அடுத்த பதிப்பின் முன்னுரையில் இரண்டு வரி அச்சாக வேண்டும். சஹன் தட்டைச் சொன்னது என் சென்டரில் படித்த பெண் என்று ஒன்று. இலையை மூடினால் நிறுத்து என்று சொன்னது, பெரம்பலூரில் அந்த மண்டபத்தையும் அந்த சென்டரையும் கட்டிய ஐந்தாம் வகுப்புக்காரர் என்று இன்னொன்று. அச்சில் பார்க்கும் வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.