அம்மா நேர்ந்த நடை

இரணைமடுக் குளக்கட்டில் ஒரு பெண் இடுப்பில் கயிறு கட்டிப் பழைய கார் ரயர் ஒன்றை இழுத்துக்கொண்டு நடந்தால் பார்க்கிற சனம் என்ன நினைக்கும்? நாற்பத்தைந்து வயதாகியும் எனக்கு அதை முன்கூட்டி யோசிக்கிற புத்தி வரவில்லை.

நான் நோர்வேயின் வடகோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அந்தப் பங்குனியில் அங்குள்ள பனிவெளியைத் தனியாகக் கடப்பதென்று முடிவெடுத்திருந்தேன். காலில் ஸ்கீ, இடுப்பில் பட்டி, பட்டியின் பின்னால் கூடாரமும் சாப்பாடும் ஏற்றிய சறுக்குவண்டி. ஒரு கிழமைக்கு மேல் நடக்க வேண்டும், வழியில் ஊர் கிடையாது. வண்டியின் பாரத்துக்கு உடம்பைப் பழக்க, பனியில்லாத காலத்தில் ரயர் இழுப்பார்கள். தைப்பொங்கலுக்குக் கிளிநொச்சிக்கு வந்த நானும் பழக்கத்தை விட மனமில்லாமல் பக்கத்து வளவில் கிடந்த ரயரைக் கேட்டு வாங்கினேன்.

அம்மாவுக்கு இந்தப் பயணம் துண்டறப் பிடிக்கவில்லை. குளிரையோ ஓநாயையோ பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை. செய்தி இல்லாமல் இருப்பதுதான் அவருடைய பயம். யுத்தத்தின் கடைசி மாதங்களில் அம்மா பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் ஷெல்லடிக்குத் தப்பிச் சனத்தோடு சனமாக நடந்தபோது, நான் நோர்வேயில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

"நீ அப்ப பட்டதை நான் இப்ப படவேணுமோ?" என்று கேட்டார்.

பனிவெளியிலும் வேலை செய்கிற செய்மதித் தொலைபேசி கொண்டுபோகிறேன், ஒவ்வொரு நாளும் எடுப்பேன் என்றேன்.

"எடுக்காட்டி?"

நான் எழுந்துபோய் ரயரை இழுத்தேன்.

முதலில் கேலிதான். குளக்கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "தங்கச்சி, மிச்சக் கார் பின்னால வருதோ?" என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இன்னும் வேகமாக இழுத்தேன். இரண்டொரு நாளில் எல்லாம் தலைகீழாக மாறியது. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி, செருப்பைக் கழற்றி வழிவிட்டார்கள். ஒரு பெண் எனக்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார். கேலி பண்ணிய மனுஷன் எழும்பி நின்று கும்பிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரயரில் யாரோ வேப்பிலைக் கொத்துச் செருகியிருக்கிறார்கள்.

அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். விசாரித்தேன்.

"பக்கத்து வீட்டு அவா வந்து, மகளுக்கு ஏதும் வருத்தமோ எண்டு கேட்டா. விசர் எண்டு சொல்லுறதே? வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு நேர்த்திக்கடன் எண்டு சொல்லிப்போட்டன்."

"என்ன நேர்த்தியாம்?"

"பனிக்குள்ள தனிய நடந்து முடிக்கிறது எண்டு."

நான் வயிறு நோகச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. திருவின கையும் நின்றுவிட்டது. "சிரியாதை பிள்ளை. அம்மன்ர பேரைச் சொல்லி வாய் விட்டாச்சு. இனி அது நேர்த்திதான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊர்வாயை அடைக்கச் சொன்ன பொய்யில் அம்மாவே மாட்டுப்பட்டுவிட்டார். என்னை மறித்தால் கண்ணகி அம்மனோடு கொழுவ வேண்டும். வன்னியில் அதற்கு யாருக்குத் துணிவு? அன்றிரவு சோற்றைப் போட்டுத் தந்துவிட்டு, "போ. ஆனா முடிச்சுப்போட்டு வா," என்றார். கோயில் பக்கமே போகாத எனக்கு அம்மன் புண்ணியத்தில் அனுமதி கிடைத்தது. உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது.

பங்குனியில் புறப்பட்டேன். முதல் நாட்கள் நினைத்ததைவிட நன்றாகவே போயின. வெள்ளை வெளி, அதற்கு மேலே வெளிறிய நீலம், ஸ்கீ உரசுகிற சத்தம். பனியை உருக்கி, நூடில்ஸ் அவித்து, அம்மா இடித்துத் தந்த மிளகாய்த்தூளைப் போட்டுச் சாப்பிட்டேன். நாளுக்கொரு தரம் தொலைபேசி எடுத்தேன். அம்மா கேட்கிற முதல் கேள்வி "சாப்பிட்டியே?" என்பதுதான். எனக்கு அந்தத் தனிமை பிடித்திருந்தது. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க மணி அடித்து அடித்துக் கூப்பிடுவார்கள். இங்கே கூப்பிட ஆளில்லை.

பாதி வழியில் காற்று எழும்பியது. கூடாரத்தின் ஒரு கம்பி முறிந்தது. வானம் எது, நிலம் எது என்று பிரிக்க முடியவில்லை. தொலைபேசியும் குளிரில் செத்துக் கிடந்தது. அதை நெஞ்சுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு ஒரு முழுநாள் படுத்திருந்தேன். பின்னால், ஒரு நாள் நடையில், ஒதுங்குவதற்கு ஒரு மரக்குடில் இருந்தது. முன்னால் இன்னும் பல நாள் வெட்டவெளி. திரும்புவதுதான் புத்தி. ஆனால் திரும்ப முடியவில்லை. நான் நம்பாத நேர்த்தி வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது. இதைக் குறையில் விட்டால் இனி வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அம்மா அதை அம்மன் கோபமென்றே எண்ணி நடுங்குவார்.

மறுநாள் காற்றுத் தணிந்து, தொலைபேசியும் வேலை செய்தது. மணி ஒருதரம் முழுதாக அடிக்க முதல் அம்மா எடுத்துவிட்டார். அழவில்லை, ஏசவில்லை. "சாப்பிட்டியே?" என்றார்.

கம்பி முறிந்ததைச் சொன்னேன். "திரும்பினாத்தான் நல்லது அம்மா. ஆனா நேர்த்தி..."

"நேர்ந்தது ஆர்?"

"நீங்கள்."

"பிறகென்ன? நீ வாய் திறக்கேல்லையே. நீ திரும்பு. அம்மனோட நான் கதைக்கிறன். மிச்சத்தை நான் நடக்கிறன்."

நான் திரும்பினேன். அந்த மரக்குடிலை அடைந்து, கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அம்மா சும்மா சொன்னார் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் நெருங்க, முழங்கால் வருத்தத்தோடு, பரந்தனிலிருந்து வற்றாப்பளைக்குத் தனியாக நடக்கப் புறப்பட்டுவிட்டார். யுத்தத்தில் சனத்தோடு ஓடிய அந்த வழியில் அதன்பிறகு அவர் ஒருநாளும் நடந்ததில்லை. பஸ்ஸில் போனாலும் கண்ணை மூடிக்கொள்வார். பின்னால் ஒரு ஓட்டோவாவது வரட்டும் என்று தொலைபேசியில் மன்றாடினேன்.

"நீ பனிக்குள்ள ஓட்டோ கொண்டு போனனியோ?" என்று வாயை அடைத்தார்.

விடியவும் பின்னேரமும் நடந்து, இடையில் தெரிந்த வீடுகளில் தங்கினார். நாளுக்கொரு தரம் எனக்கு எடுத்தார். சாப்பிட்டீங்களா என்று நான் கேட்டேன். ஒருநாள் அழைப்பு வரவில்லை. வேலையிடத்தில் தொலைபேசியை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். யாரோ ஒரு கிழவர் மணி அடித்துக்கொண்டே இருந்தார், நான் எழும்பவில்லை.

மறுநாள் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. அம்மாவின் தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம்.

"எங்க நிக்கிறீங்கள்?"

"புதுக்குடியிருப்பு தாண்டிட்டன்."

நான் கேட்கக்கூடாது என்றிருந்ததைக் கேட்டேன். "அந்த றோட்டில பயமா இல்லையே அம்மா?"

"முதல் ரெண்டு நாளும் திரும்பித் திரும்பிப் பாத்தனான் பிள்ளை. இண்டைக்குப் பாக்கேல்லை. பின்னால ஒருத்தரும் கலைச்சுக்கொண்டு வரேல்லைத்தானே. நினைச்ச இடத்தில நிண்டு, இளைப்பாறி, ஆறுதலா நடக்கிறன்."