கூட வந்திருப்பது யார்?

அந்தச் சிற்றூரின் குடிசைகளில் குழந்தை சோறு தின்ன மறுத்தால் தாய்மார்களுக்கு ஒரே மந்திரம்தான்: "ஊசிக்காரம்மா வர்றாங்க, வாயைத் திற." அதனால் ஊர் நர்ஸ் தெருவில் கால் வைத்ததும் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வார்கள். "இன்னிக்கு ஊசி இல்லடா, வெளிய வாங்க" என்பாள். ஒரு தலையும் எட்டிப் பார்க்காது.

சுகாதார நிலையத்தின் பின்னறைதான் அவளுக்கு வீடு. முன்னறையில் எடை பார்க்கும் தராசும் மருந்துப் பெட்டியும். பின்னறையில் கட்டில், ஒற்றை அடுப்பு, துணி காய ஒரு கொடி. கணவன் இறந்த பிறகு கிடைத்த வேலை. பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாததால் மகளை டவுனில் அக்கா வீட்டில் விட்டிருந்தாள். அக்காவின் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மகளும் அக்காவை அம்மா என்றும், பெற்றவளைச் சித்தி என்றும் அழைக்கப் பழகிவிட்டாள். முதல் தடவை எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அப்போதே திருத்தியிருக்க வேண்டும். பிறகு வாய் வரவில்லை.

ஒரு விடுமுறையில் அக்கா மகளை அழைத்துவருவதாகச் சொன்னாள். பகல் பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. விடிந்ததும் சமைத்து மூடி வைத்தாள். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் மேட்டிலிருந்த ஆட்டுக்காரர் வீட்டுக்கு ஒரு நடை போய்வரக் கிளம்பினாள். அங்கே மருமகள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் சுவரில் சாய்ந்து கிடந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"தலை பிளக்குதுக்கா. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது."

நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தாள். மிக அதிகமாக இருந்தது. நம்பாமல் பட்டையை அவிழ்த்து மறுபடியும் கட்டிப் பார்த்தாள். இறங்கவில்லை.

"இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்," என்றாள் மாமியாரிடம். "வலிப்பு வந்துட்டா ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

"பிள்ளை பெக்கிறது என்ன உலக அதிசயமா? என் மவன் செங்கச் சூளையிலேர்ந்து வரட்டும், பேசிக்கலாம்."

"அதுக்குள்ள காரியம் கைமீறிடும் பெரியம்மா. நீங்களும் வாங்க."

"ஆட்டை யாரு பாக்குறது?"

கிழவி தடுக்கவில்லை, கூட வரவும் இல்லை. ஆம்புலன்சைக் கூப்பிட அங்கே சிக்னல் கிடையாது. அந்தப் பெண்ணைத் தோளில் தாங்கி ரோட்டுக்கு இறக்கி, வந்த பால் வண்டியைக் கை நீட்டி மறித்து ஏற்றினாள். பாதி வழியில் பகல் பஸ் எதிரே வந்தது. பால் வண்டி ஒதுங்கி வழிவிட்டது. கை காட்டலாமென்று நினைத்தாள். அந்தப் பெண்ணின் தலை மடியில் இருந்தது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். "கூட வந்திருக்கிறது யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டபோது பதில் சொல்ல வேறு ஆள் இல்லை.

"நான்தான்."

குறைமாதப் பெண் குழந்தை. தாய்க்கு நினைவு திரும்பவில்லை. குழந்தைக்கு உடம்புச் சூடு வேண்டுமென்று, நர்ஸ் அதைத் தன் நெஞ்சோடு சேர்த்து முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்க தங்கச்சி பிள்ளையா?" என்றாள் அடுத்த கட்டில்காரி.

"இல்லம்மா. எனக்கு ஒண்ணும் உறவில்ல."

போன் அடித்தது. அக்கா.

"கதவு பூட்டிக் கெடந்துச்சு. படியிலயே உக்காந்திருந்துட்டு பஸ் ஏறிட்டோம். ஒரு நாள்கூடவா உனக்கு ஒழியல?"

நடந்ததைச் சொன்னாள். அக்காவின் குரல் தணிந்தது.

"போனை அவகிட்டக் குடுக்கா."

பஸ் சத்தத்துக்கு நடுவே மறுபடியும் அக்காவின் குரலே வந்தது. "அப்புறம் பேசுறாளாம்."

மறுநாள் தாய்க்கு நினைவு வந்தது. மாமியார் துணிமூட்டையோடு வந்தாள். பேத்தியைப் பார்த்து, "எலிக்குஞ்சாட்டம் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். குழந்தையை வாங்கும்போது நர்ஸின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் ஊசிப்போன சாப்பாட்டைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவினாள். விரிப்பு கசங்காமல் இருந்தது. அன்று தரையில் படுத்தாள்.

அடுத்த லீவில் டவுனுக்குப் போனாள். மகள் விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் தண்ணீர் கொடுத்தாள்.

"அந்தப் பாப்பா பொழைச்சிருச்சா?"

"பொழைச்சிருச்சு. இப்ப நல்லாப் பால் குடிக்குது."

"நீங்கதான் தூக்கி வச்சிருந்தீங்களாமே?"

"ஆமா."

அக்கா சீப்போடு வர, மகள் அவள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பின்னல் பாதி வந்தபோது தலையைத் திருப்பாமலே ரிப்பனைப் பெற்றவள் பக்கம் நீட்டி, "இந்த ரிப்பனைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்றாள்.

பிடித்துக்கொண்டாள்.